திரும்புதலும் எழுப்புதலும்: பேராக் தோட்டச் சபைகளின் சமய வாழ்வும் தமிழும்

1. ஒரு சொல்லும் ஒரு கேள்வியும்

1960-களின் பிற்பகுதியில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் சிறு பிள்ளையாக வளர்ந்தேன். எங்கள் குடும்பம் மாரியம்மனை வணங்கிய குடும்பம். அம்மன் கோவிலுக்கு எதிர்க்கோடியில், தகரக்கூரை வேய்ந்த சிறு மரக்கட்டடம் ஒன்று நின்றது. அதனைத் தோட்டத்து மக்கள் 'வேதக்கோவில்' என்றனர். எங்கள் லயத்திலேயே அடுத்த வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. அக்குடும்பத் தலைவரை மாமா என்றும் அவர் துணைவியாரை அத்தை என்றும் அழைத்தோம். தீபாவளிப் பலகாரம் அங்கே போகும். கிறிஸ்மஸ் பலகாரம் இங்கே வரும்.

மாமா நல்லவர், ஆனால் சம்பள நாளில் அவர் கள்ளுக்கடைக்குள் நுழைந்தால் அத்தையின் கைக்குப் பணம் வருவதில்லை. ஓர் ஆண்டு உயிர்ப்புப் பெருநாளுக்குப் பின் அவர் அந்தக் கடைப்பக்கம் போவதை நிறுத்தினார். அத்தை என் தாயாரிடம், “மாமா மனந்திரும்பிட்டாரு” என்றார். அருகில் நின்ற நான், “எங்க போயிருந்தாரு?” என்று கேட்டேன். இருவரும் சிரித்தனர். விடை கிடைக்கவில்லை.

மொழியியலைத் தொழிலாகக் கொண்டு நெடுங்காலம் கழிந்த பின்னரே, அக்கேள்வி அத்துணை அறியாமையுடையது அன்று என்று எனக்குப் புலப்பட்டது. 'திரும்பு' என்னும் வினை, புறப்பட்ட ஓரிடத்தையும் சென்ற ஒரு தொலைவையும் தன்னுள் அடக்கியது. இச்சொற்பொழிவின் நோக்கம் எந்தச் சமயக் கொள்கையையும் நிறுவுவதோ மறுப்பதோ அன்று. பேராக் மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் அகவாழ்வின் புத்துயிர்ப்பை எச்சொற்களால் கூறினர், அச்சொற்களின் இலக்கணம் அவர்களுடைய கூட்டு வாழ்வைப் பற்றி நமக்கு உணர்த்துவது யாது, அச்சொற்கள் இன்று எந்நிலையில் உள்ளன என்பவற்றை விளக்குவதே நோக்கம்.

2. பேராக்கிற்கு வந்த சபைகள்

மலாயாவில் ரப்பரின் வரலாறு பேராக்கோடு பிணைந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது, அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார்த் தோட்டத்தில் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருந்தொழிலாயிற்று. பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்த பின் கங்காணி முறையே முதன்மை பெற்றது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வழி வருகை தொடர்ந்தது.

வந்தவர்களுள் பெரும்பாலோர் சைவ, வைணவ, கிராம தெய்வ வழிபாட்டினர். கிறிஸ்தவர் சிறுபான்மையினர். அவர்களும் ஒரே சபையினர் அல்லர். தஞ்சை, திருச்சி வட்டாரங்களிலிருந்து கத்தோலிக்கரும் லுத்தரன்களும் வந்தனர். திருநெல்வேலியிலிருந்து ஆங்கிலிக்கன் மரபினர் வந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தராகவும் ஆசிரியராகவும் இரயில்வே ஊழியராகவும் வந்தவர்களுள் அமெரிக்க, மெதடிஸ்ட் மறைப்பணிகளின் பள்ளிகளில் பயின்றோர் இருந்தனர்.

வட பேராக்கில் பாகான் செராயை அடுத்துள்ள சூசைப்பாளையம் இவ்வரலாற்றின் தொன்மையான சான்றுகளுள் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிக் கழகத்தைச் சேர்ந்த ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குருவானவர் தமிழ்க் கத்தோலிக்கரை அங்கே குடியேற்றினார். அவரே 1896-இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். ஊர்ப்பெயரை நோக்குக: 'சூசை' என்பது யோசேப்பின் பெயர் தமிழ்க் கத்தோலிக்கர் நாவில் பெற்ற வடிவம்; 'பாளையம்' என்பது தமிழக ஊர்ப்பெயர்களின் பழகிய ஈறு. மலாய் மண்ணில் ஒரு தமிழ் ஊரைப் பெயராலேயே நட்டுவிட்டனர்.

ஈப்போவில் மெதடிஸ்ட் சபையின் பணி, 1895-இல் ஆங்கிலோ-சீனப் பள்ளியை நிறுவிய வில்லியம் ஹார்லி காலத்தில் வேரூன்றியது. மலாயாவில் தமிழ் லுத்தரன் சபையினரின் பணி 1907-இல் தொடங்கியது. இன்று மலேசிய மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கெனத் தனி ஆண்டு மாநாடு உண்டு. மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் தமிழ்ச் சபைகளே.

ஆயினும் தோட்டத்தில் சபை என்பது இப்பெயர்ப் பலகைகளால் நடந்ததன்று. குருவானவரோ போதகரோ நகரத்தில் இருந்தார். பல தோட்டங்களுக்கு அவர் ஒருவரே. எங்கள் தோட்டத்திற்கு அவர் மாதம் ஒருமுறை வருவார். எஞ்சிய ஞாயிறுகளில் உபதேசியார் சைக்கிளில் வந்து வழிபாடு நடத்துவார். அவரும் வராத நாளில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பால்மரத் தொழிலாளியே வேதம் வாசிப்பார்.

3. சொற்கள் கடந்த கடல்

அம்மக்கள் மூட்டைகளோடு கொண்டுவந்த பெருஞ்செல்வம் ஒரு சொற்கோவை. அது கப்பலேறியபோதே முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூல் தமிழை உரோமன் எழுத்தில் தந்தது. 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையாக அச்சேறியது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிசியுசு அம்மொழிபெயர்ப்பைச் செம்மைப்படுத்தினார். ஜெர்மானியப் பாக்களை 'ஞானப்பாட்டு' ஆக்கினார். பவர் ஐயர் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற ஒன்றிய மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளின் தோட்டத்து வீடுகளில் இருந்த வேதாகமம்.

இச்சொற்கோவையின் அடுக்குகளைச் சிறிது பிரித்துப் பார்ப்போம். 'சிலுவை' சிரியாக் மொழியிலிருந்து வந்தது. 'பாதிரியார்' போர்த்துக்கீசியச் சொல்லின்மேல் தமிழின் மரியாதை விகுதி ஏறியது. 'ஜெபம்', 'கிருபை', 'இரட்சிப்பு', 'ஞானஸ்நானம்' ஆகியவை வடமொழி வழியின. பின்னாளில் கத்தோலிக்க வழக்கிலும் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலும் 'அருள்', 'மீட்பு', 'திருமுழுக்கு' என்னும் தமிழ்ச் சொற்கள் இடம்பெற்றன. இதனால், ஒரே லயத்தில் வாழ்ந்த இரு கிறிஸ்தவர் ஒரே பொருளை இரு சொல்லால் கூறினர். ஒருவர் கிருபை என்றார். மற்றவர் அருள் என்றார். எவர் எச்சபையினர் என்று அறிய அவர் வேண்டுதலின் இரண்டு வாக்கியங்களைக் கேட்டாலே போதும்.

மலேசிய வாசகர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நாம் பெயர்ப் பலகைகளில் நாளும் காணும் 'கெரெஜா' என்னும் மலாய்ச் சொல் போர்த்துக்கீசிய மொழி வழியாகக் கிரேக்க 'எக்ளேசியா' என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஞாயிற்றைக் குறிக்கும் 'மிங்கு' என்னும் மலாய்ச் சொல்லும் போர்த்துக்கீசியத்தில் ஆண்டவருடைய நாளைக் குறித்த சொல்லே. எக்ளேசியா என்பது முதலில் கட்டடத்தைக் குறிக்கவில்லை; அழைக்கப்பட்டுக் கூடிய மக்களைக் குறித்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதற்குத் தேர்ந்த 'சபை' என்னும் சொல் அப்பொருளைக் கைவிடவில்லை. கட்டடம் கோவில் அல்லது ஆலயம், மக்கள் சபை. தகரக்கூரை பறந்து போன ஆண்டிலும், சபை பெரட்டுக்களத்து மரத்தடியில் கூடியது.

4. திரும்பு, திருப்பு, எழு, எழுப்பு

இனி மையப் பொருளுக்கு வருவோம். தமிழ் வினைகளுள் பல இணையிணையாக நிற்பவை: திரும்பு – திருப்பு, எழு – எழுப்பு, மாறு – மாற்று, தேறு – தேற்று, மீள் – மீட்பு என்பதன் அடியாகிய மீட்டல், கூடு – கூட்டு. முன்னையதில் வினை வினைமுதல்மேலேயே நிகழ்கிறது. பின்னையதில் அது பிறிதொன்றின்மேல் செல்கிறது. மரபிலக்கணம் இதனைத் தன்வினை, பிறவினை என்று விளக்கும். மொழியியலாளர் கு. பரமசிவம் இவற்றை இயங்குவினை, இயக்குவினை என்று பெயரிட்டு நுட்பமாக ஆராய்ந்தார். அப்பெயர்கள் இங்கு நமக்குப் பெரிதும் பயன்படும்.

கிறிஸ்தவ வேதநூல்களில் மனமாற்றத்தைக் குறிக்கும் இரு மூலச்சொற்கள் உள்ளன. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மெத்தனோயா'. மனம் வேறாதல் என்பது அதன் பொருள். பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல் 'ஷூவ்'. புறப்பட்ட இடத்திற்கே மீண்டு வருதல் என்பது அதன் பொருள். ஒன்றிய மொழிபெயர்ப்பு கிரேக்கச் சொல்லுக்கு 'மனந்திரும்பு' என்று எழுதியது. பொது மொழிபெயர்ப்பு 'மனம் மாறு' என்றது. பின்னையது கிரேக்கத்திற்கு நெருக்கம். முன்னையதோ, கிரேக்க நூலை மொழிபெயர்க்கும்போதும் எபிரேயப் பொருளைத் தமிழுக்குள் கொண்டுவந்துவிட்டது. மாறியவர் புதிய ஒருவர் ஆகிறார். திரும்பியவர் தம் வீட்டிற்கு வருகிறார். இரண்டும் சரியே. ஆனால் கடல் கடந்து வந்த மக்களுக்கு, ஊருக்குத் திரும்புவோமா என்று பல ஆண்டு எண்ணிக் கிடந்தவர்களுக்கு, 'திரும்பு' என்னும் சொல்லில் இருந்த வலி சிறிதன்று.

'மனந்திரும்பு' இயங்குவினை. 'மனந்திருப்பு' என்னும் இயக்குவினை அத்தகைய கூட்டுச்சொல்லாக வழக்கூன்றவில்லை. அதாவது, ஒருவர் மற்றவருக்காக மனந்திரும்ப இயலாது. பிறரை வலிந்து மனந்திரும்பச் செய்வதற்குத் தனிச்சொல் தேவைப்படவும் இல்லை.

'எழுப்புதல்' இதற்கு மறுதலை. சபைகள் ஆவிக்குரிய புத்துயிர்ப்புக்கு வழங்கும் பெயர் இது. 1860-இல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் சபையில் தொடங்கிப் பரவிய இயக்கம் இப்பெயரால் பேசப்படுகிறது. தோட்டங்களில் நடந்த சிறப்புக் கூட்டங்களும் எழுப்புதல் கூட்டங்களே. 'எழுதல்' என்று இதனை எவரும் கூறுவதில்லை. இயக்குவினையாதலின், எழுப்புபவர் ஒருவர் உண்டு என்பது சொல்லிலேயே அமைந்துள்ளது. உறங்குபவர் தாமே தம்மை எழுப்பிக்கொள்வதில்லை.

தோட்டத்தில் 'எழுப்பு' என்னும் சொல்லுக்கு ஒரு நாள்தோறும் வழங்கிய பொருளும் இருந்தது. விடியுமுன் இருட்டில், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டி ஆள்களை எழுப்புவார்கள். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலை போகும். வாரத்தில் ஆறு நாள் இரும்பொலிக்கு எழுந்தவர்கள், ஏழாம் நாளில் அதே சொல்லை வேறு பொருளில் கேட்டனர். உபதேசியார் இவ்வேறுபாட்டை அறிந்தே பேசினார் என்பது என் துணிபு. அவருடைய பேச்சில் அந்தத் தண்டவாளம் அடிக்கடி வரும்.

திரும்புதலையும் திருப்புதலையும் ஒருங்கே வைக்கும் இடம் ஒன்று வேதாகமத்திலேயே உண்டு. புலம்பல் என்னும் நூலின் இறுதியில், நகரை இழந்த மக்கள் இறைவனை நோக்கி வேண்டுகின்றனர். அவர் தம்மைத் திருப்ப வேண்டும் என்கின்றனர், அப்போது தாம் திரும்புவதாகக் கூறுகின்றனர், தம் நாட்களைப் பழையபடி புதியவை ஆக்கும்படி கேட்கின்றனர். எபிரேயத்தில் இரண்டு வினையும் ஷூவ் என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. தமிழிலும் ஒரே அடியின் இரு வடிவங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூல மொழியின் அவ்வமைப்பைத் தமிழின் வினை இலக்கணம் இயல்பாகவே ஏந்திக்கொண்டது. அடி வேறுபடும் மொழியில் இவ்வளவு நேராக அதனைக் காட்டுவது எளிதன்று.

5. சபை கூடிய இடத்தில்

இலக்கணம் வாழ்வில் எவ்வாறு நடந்தது என்பதற்கு மாமாவின் கதையே சான்று. அவர் மனந்திரும்பினார் என்பது உண்மை. ஆனால் அடுத்த சம்பள நாளில் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். தோட்ட ஆபீசிலிருந்து அவர் வெளியே வந்தபோது சபையைச் சேர்ந்த இருவர் காத்து நின்றனர். கள்ளுக்கடை வழியை விட்டு, சுற்றுவழியாக அவரோடு நடந்து வந்து, வீட்டு வாசலில் விட்டுச் சென்றனர். அதற்கடுத்த மாதமும் அவ்வாறே. அறிவுரை எதுவும் கூறியதாக நினைவில்லை. மழையைப் பற்றியும் மரத்தில் பால் குறைந்ததைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தனர். திரும்பியவர் அவர், எழுப்பியவர்கள் இவர்கள். இரண்டுக்கும் இடையில் நின்றது 'கூடு' என்னும் வினை.

மாமா பின்னர் இருமுறை தவறினார். அப்போது சபையார், அவர் முதலில் திரும்பியதே பொய் என்று கூறவில்லை. “மறுபடியும் திரும்பியிருக்கிறார்” என்றனர். திரும்புதல் ஒருமுறையோடு முடிந்துபோகும் செயல் அன்று. வழி தவறும்போதெல்லாம் செய்யத்தக்கது. அச்சொல்லின் பயன்பாட்டிலேயே இப்பொறுமை இருந்தது.

கூடிய இடத்தில் மொழி மூன்று வகையில் தொழிற்பட்டது: ஜெபம், சாட்சி, பாட்டு.

ஜெபத்தில் நான் வியந்தது 'நீர்' என்னும் முன்னிலைச் சொல். பக்தி இலக்கியத்தில் இறைவனை 'நீ' என்று உரிமையோடு அழைத்தல் பெருவழக்கு. சீர்திருத்தச் சபைகளின் தமிழ் 'நீர்', 'உம்மை', 'உமது', 'தேவரீர்' என்றது. நீயினும் உயர்வு, நீங்களினும் நெருக்கம் உடைய இவ்வடிவம் திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பேச்சில் இன்றும் உயிரோடு உள்ளது. எங்கள் தோட்டத்துப் பேச்சில் அது இல்லை. பெரட்டுக்களத்தில் பெண்ணாள்களை 'ஏய்' என்றும் 'வாடி' என்றும் விளித்தனர். அதே பெண்கள் ஞாயிறன்று எழுந்து நின்று, கண்ணை மூடி, 'நீர் அறிந்திருக்கிறீர்', 'உம்முடைய சமூகத்தில்' என்று பிழையின்றி வினைமுடிபு அமைத்து வேண்டினர். அவர்களுள் பலர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். எழுத்துத் தமிழைக் காதால் கற்றுப் பொது அவையில் தம் குரலில் பேசும் உரிமையைத் தோட்டத்தில் அவர்களுக்குத் தந்த இடங்கள் மிகச் சில. சபை அவற்றுள் ஒன்று. ஆன்மிகப் புத்துயிர்ப்பு என்பதை ஆராய்வோர் இதனையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

சாட்சி என்பது தன் வாழ்வில் நிகழ்ந்ததைச் சபைமுன் எடுத்துரைத்தல். இவ்வுரைகளில் ஓர் அமைப்பு மீண்டும் மீண்டும் வரும். முற்பகுதியில் 'நான்' எழுவாய்: நான் குடித்தேன், நான் அடித்தேன், நான் கேட்கவில்லை. நடுவில் 'நான்' என்பது 'என்னை' ஆகிவிடும்: என்னைத் தேடினார், என்னைத் தூக்கினார், என்னை எழுப்பினார். இறுதியில் 'நாங்கள்' வரும்: நாங்கள் இப்போது ஒன்றாய்ச் சாப்பிடுகிறோம், நாங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். எழுவாய் செயப்படுபொருளாகி, பின்னர்ப் பன்மையாகும் இப்பயணம் எவரும் கற்பித்ததன்று. ஒருவர் சொல்லக் கேட்டு மற்றவர் கைக்கொண்ட மரபு அது.

பாட்டில் இரு நீரோட்டங்கள் கலந்தன. பப்ரிசியுசு வழிவந்த ஞானப்பாட்டு ஐரோப்பிய இசையமைப்பில் நடந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் வளர்த்த கீர்த்தனை மரபு கருநாடக இசையில் நடந்தது. தோட்டத்தில் கீர்த்தனையே வென்றது. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடும் அமைப்பால், எழுத்தறியாதவரும் ஒரு ஞாயிற்றிலேயே பாட்டைக் கற்றனர். அம்மன் கோவில் பஜனைக்கு மிருதங்கம் வாசித்தவர் கிறிஸ்மஸ் இரவில் வேதக்கோவிலிலும் வாசித்தார்.

ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. சாதி வேற்றுமை கப்பலில் வரும்போது கடலில் விழுந்துவிடவில்லை. தமிழகச் சபைகளில் சாதி வழக்குகளைக் கைவிடுமாறு ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோது தஞ்சையில் கடும் எதிர்ப்பு எழுந்தது; வேதநாயக சாஸ்திரியாரே பழைய வழக்கின் பக்கம் நின்றார். மலாயாவிலும் திருமணப் பேச்சில் இன்னார் இன்ன சாதி என்று பார்த்த கிறிஸ்தவக் குடும்பங்களை நான் அறிவேன். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற்றவர்கள், பெண் கொடுக்கும்போது தயங்கினர். சொல் புதுப்பித்ததெல்லாம் வாழ்வு புதுப்பித்தது என்று கொள்வது ஆராய்ச்சிக்கு அழகன்று.

6. தோட்டம் கலைந்த பின்

1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர் கொல்லப்பட்டதை அடுத்து நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. ஊரடங்கும் முள்வேலியும் தோட்டத்து வாழ்வைச் சுருக்கின. அடுத்துத் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்கள் கூறுகூறாக விற்கப்பட்டன. குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தன. ரப்பர் இருந்த நிலத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை. நகரத்தை ஒட்டிய நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயம் போயிற்று, அதனோடு வேதக்கோவிலும் அம்மன் கோவிலும் பல இடங்களில் போயின.

மக்கள் ஈப்போ, சிம்மோர், கம்பார், தெலுக் இந்தான் முதலிய ஊர்களின் தாமான்களில் குடியேறினர். சபை அழியவில்லை. நகரத்துப் பழைய ஆலயங்களின் தமிழ் வழிபாடுகளில் தோட்டத்து முகங்கள் கூடின. கடைவீட்டு மேல்மாடிகளில் பெந்தெகொஸ்தே சபைகள் பல தோன்றின. அவற்றுள் தமிழ்ச் சபைகளும் உண்டு. குடியாலும் போதைப்பொருளாலும் சிதைந்த குடும்பங்களைத் தேடிச் சென்றவர்கள் அச்சபைகளில் இருந்தனர் என்பதை அவற்றோடு உடன்படாதவரும் ஒப்புவர். ஆனால் ஒரே லயத்தில் வாழ்ந்த காலத்தில், சம்பள நாளில் ஒருவரோடு சுற்றுவழியே நடந்து வர இருவர் எப்போதும் இருந்தனர். இருபது மைல் தள்ளி வாழும் ஒருவரோடு அவ்வாறு நடப்பது எளிதன்று. கூடுதல் ஞாயிற்றுக்குச் சுருங்கியது.

மொழியிலும் மாற்றம் நேர்ந்தது. தேசியப் பள்ளிகளில் பயின்ற இளையோர் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், படிக்க இயலாது. பாட்டுகள் திரையில் உரோமன் எழுத்தில் ஓடுகின்றன. ஜெபத்தில் 'நீர்' நின்றிருக்க, வினைமுற்று 'அறிந்திருக்கீங்க' என்று பேச்சுக்குச் சென்றுவிடுகிறது. 'மனந்திரும்புதல்' ஓர் ஆங்கிலச் சொல்லின் தமிழ்ப் பெயராக மட்டும் கற்கப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஈப்போவில் மாமாவின் அடக்க ஆராதனைக்குச் சென்றிருந்தேன். தொண்ணூறை நெருங்கிய வயது. கடைசி நாற்பதாண்டு ஒரு துளி கள் அருந்தாதவர். பேத்தி உரோமன் எழுத்துத் தாளைப் பார்த்து அவருக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடினாள். ழகரம் சில இடங்களில் லகரமாயிற்று. குரல் மட்டும் தளரவில்லை. பின்னர் உணவு வேளையில், தாத்தா மனந்திரும்பிய கதையைப் பெரியோர் பேசிக்கொண்டிருந்தபோது, அச்சொல்லின் பொருளை அவளிடம் கேட்டேன். ஆங்கிலத்தில் சரியான விடை கூறினாள். “வீட்டுக்குத் திரும்புறோம்னு சொல்றோமே, அந்தத் 'திரும்பு'தான் இதுல இருக்கு” என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “ரெண்டும் ஒரே சொல்லா? நான் அப்படி நினைச்சதே இல்ல” என்றாள்.

அவளிடம் நம்பிக்கை குறைவு என்று நான் கருதவில்லை. அவள் பாட்டனாருக்கு அச்சொல்லில் கேட்ட வீடு அவளுக்குக் கேட்கவில்லை, அவ்வளவே.

7. செய்யத்தக்கவை

உரோமன் எழுத்தைப் பழிப்பது பயனற்றது. தமிழின் அச்சு வரலாறே லிஸ்பனில் உரோமன் எழுத்தில்தான் தொடங்கியது. ஆனால் அங்கே அது நின்றுவிடவில்லை. இருபத்து நான்கு ஆண்டுக்குள் கொல்லத்தில் தமிழ் எழுத்து அச்சில் ஏறியது. இன்றைய சபைகளும் அவ்வாறு செய்யலாம். திரையில் தமிழ் எழுத்து மேலும் உரோமன் எழுத்து கீழுமாக இரு வரி ஓடினால், கண் நாளடைவில் மேலே செல்லும்.

இரண்டாவது, ஞாயிறுதோறும் ஒரு சொல்லை விளக்கலாம். திரும்பு – திருப்பு, எழு – எழுப்பு, தேறு – தேற்று என்னும் இணைகளை இளையோர்க்குக் காட்ட ஐந்து நிமிடம் போதும். தூய ஆவியானவருக்கு வழங்கும் 'தேற்றரவாளன்' என்னும் பெயரில் அன்றாடம் நாம் கூறும் 'தேற்று' இருப்பதை அறிந்த பிள்ளைக்கு அப்பெயர் மந்திரமாக மட்டும் நில்லாது.

மூன்றாவது, விரைந்து செய்யவேண்டியது: தோட்டத்தில் வாழ்ந்த முதியோரின் சாட்சிகளையும் ஜெபங்களையும் ஒலிப்பதிவு செய்தல். கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய பணி அன்று இது. எழுதப் படிக்கக் கல்லாத தொழிலாளப் பெண்கள் எழுத்துத் தமிழில் பொது அவையில் பேசியதற்கு நம்மிடம் உள்ள சான்று அவர்கள் குரலே. அவர்களுள் இளையவர்க்கும் இன்று எழுபது வயதுக்குமேல் ஆகிறது. இப்பதிவுக்குப் பேராக்கின் தமிழ் அமைப்புகளும் பல்கலைக்கழக மாணவரும் சபைகளோடு கைகோக்கலாம். கைப்பேசி ஒன்றே கருவியாகப் போதும்.

இவ்வேண்டுகோளை ஏற்று எவரேனும் முதலடி வைக்க விரும்பினால், தம் வீட்டு முதியவரிடமிருந்தே தொடங்குவாராக. அவர் எச்சமயத்தவராயினும், எங்கே போயிருந்தார், எவ்வாறு திரும்பினார், உடன் நடந்து வந்தவர் யார் என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளுமாறு இவ்வவையினரை வேண்டி அமைகிறேன்.